கயித்தான் தந்த சைக்கிள் அறிவுரைகள்

அறிவுரை கேட்டு நடந்து மூக்குடைபட்டவனைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். அந்த அறிவுரையைச் சொன்னவனிடம் போய் ஒருவரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அவன் பாட்டுக்கு அடுத்த ஆளுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டு சுகமாக இருப்பான். இந்த அநியாயத்தை நான் என் நாற்பத்து மூன்றாவது வயதில் அனுபவித்தேன். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். முடி போய்விட்டது, பல் இரண்டு போய்விட்டது, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓம், மால்ட்டாவின் தலைநகரத்தில், திருநாள் அன்று, இறுக்கமான சைக்கிள் காற்சட்டையோடு கோயிலுக்குள் நுழைந்த மனிதன் நான்தான். அதற்கு நியாயமான காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை இதுவரை ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. மொன்றியலின் லாசால் பகுதியில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். காதுக்குள் மஞ்சள் பஞ்சு அடைத்துக்கொண்டால்தான் அங்கே நிற்கலாம், அவ்வளவு சத்தம். என் பக்கத்து இயந்திரத்தில் நின்றவன் ஒரு கியூபெக்காரன். அவனுடைய பிரெஞ்சுப் பெயரை எங்கள் மன்னார்க் கத்தோலிக்கர் சொன்னால் கயித்தான் என்றுதான் வரும். ஆகவே வீட்டிலும் கயித்தான் என்றே சொல்வேன். என் மனைவி றெஜினா பல மாதங்களாக அவனை மன்னார் ஆள் என்று நினைத்திருந்தாள். (பேசாலையில் எந்த வீடு என்றும் ஒருநாள் விசாரித்தாள்.) நான் அவனை அவ்வளவு நம்பியதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். வேறு பெயராக இருந்திருந்தால் இரண்டு தரம் யோசித்திருப்பேன்.

ஒரு ஜனவரி மாதம். பஸ் தரிப்பில் நின்றால் மூக்கு மயிர் உறையும் குளிர். இரண்டு கிழமை லீவில் போன கயித்தான் திரும்பி வந்தான். முகம் கறுத்து, என் நிறத்துக்கு வந்திருந்தான். எங்கே போனாய் என்று கேட்டேன். இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்திச் சொன்னான். என் பிரெஞ்சுக்குப் பிடிபட்டவை இவ்வளவுதான்: மத்தியதரைக் கடல், தீவு, சைக்கிள், வெயில், வாதுமைப் பூ. எந்தத் தீவு என்று ஒரு பக்கப் பஞ்சைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். சொன்னான். 'மால்த்' என்று காதில் விழுந்தது. அதாவது மால்ட்டா.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது, கதைக்க வேறொன்றும் இல்லாமல், கயித்தான் மால்ட்டாவில் சைக்கிள் ஓடிவிட்டு வந்திருக்கிறான் என்று றெஜினாவிடம் சொன்னேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"சின்னப்பரின்ரை கப்பல் உடைஞ்ச மால்ட்டாவோ?"

நான் அதை யோசிக்கவே இல்லை. ஓம், புனித சின்னப்பர், அதுதான் அப்போஸ்தலர் பவுல், கப்பல் உடைந்து கரையேறிய தீவு அதுதான். றெஜினா கதிரையில் இருந்து, பதினைந்து வருடமாக என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவளுடைய தம்பி யூட் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போன வள்ளம் நடுக்கடலில் கவிழ்ந்தது எனக்குத் தெரியும். அவன் ஒரு பிளாஸ்டிக் கானைப் பிடித்துக்கொண்டு மணல்திட்டியில் ஒதுங்கியதும் தெரியும். அவனிடமிருந்து செய்தி வராத அந்தப் பதினொரு நாளில் இவள் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள் என்பதுதான் தெரியாது. தம்பி உயிரோடு கரை சேர்ந்தால், மால்ட்டாவில் நடக்கும் சின்னப்பரின் திருநாளில் அவருடைய சிலைக்கு, நாங்கள் சொல்கிற சுருவத்துக்கு, பின்னால் நடப்பேன் என்று. ஊரில் யாரோ ஒரு சுவாமியார் அந்தத் திருநாளைப் பற்றிப் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். பெப்ரவரி பத்தாம் திகதி என்பது வரைக்கும் இவள் ஞாபகம் வைத்திருந்தாள்.

ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டேன். வாடகை, இரண்டு வேலை, பிள்ளை என்று ஓடித் திரிகிற மனிசனிடம் மால்ட்டாவுக்குப் போவம் என்று எப்படிக் கேட்கிறது என்றாள். பிறகு சொன்னாள்:

"நான் கேக்காமல் நீங்களே சொல்லிப்போட்டியள். இனி நான் விடமாட்டன்."

நான் சும்மா கதைக்குச் சொன்னது என்று அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? 'போவம்' என்றேன். அதோடு நின்றிருக்கலாம். எனக்கும் ஒரு பெருமை வேண்டும் அல்லவா? நான் அங்கே சைக்கிள் ஓடப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

நானும் அந்தத் தீவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் கயித்தானுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கன்டீனில் ஒரு பெட்டி அட்டையை வெட்டி, தடித்த பேனாவால் பத்து அறிவுரை எழுதி, ஒவ்வொன்றாக எனக்கு விளக்கினான். (எந்தத் தீவு என்று மட்டும் அதில் எழுதவில்லை. அது நமக்கிடையில் முடிந்த விஷயம் என்று நினைத்திருப்பான்.) பால்மாவில், பெரிய கோயிலுக்குக் கிட்ட, நல்ல சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம் என்பது முதலாவது. பால்மா என்றால் எங்களுக்குத் தேத்தண்ணிக்குப் போடும் மா. ஏதோ கடையின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். சப்பாத்தும் பெடலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். தன்னுடைய பழைய சோடியைத் தானே தருவதாகச் சொன்னான். இருக்கையில் மெத்தை வைத்துத் தைத்த காற்சட்டை கட்டாயம். அதற்கு உள்ளே ஒன்றும் அணியக்கூடாது. இதை எனக்கு விளங்கவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சத்தமாகச் சொன்னான். கன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரோட்டில் வலது ஓரம் பிடித்து ஓடு. கார்க்காரர் பொறுமையாகப் பின்னால் வருவார்கள். சாப்பாடு காவாதே, ஒவ்வொரு ஊரிலும் சைக்கிள்காரருக்கென்றே கடை திறந்திருக்கும், கேக் அருமை. தடித்த உடுப்பு வேண்டாம், மெல்லிய காற்றுச் சட்டை போதும். மற்றவை இப்போது ஞாபகம் இல்லை. ஞாபகம் வைத்திருக்கிற அளவே இரத்தக் கொதிப்புக்குக் காணும்.

எங்கள் தொடர்மாடியின் நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்தில், கயித்தானின் சைக்கிளை இரவல் வாங்கிப் பயிற்சி எடுத்தேன். ஒரு காலத்தில் மன்னாரிலிருந்து மடுக் கோயிலுக்குச் சைக்கிளில் போனவன் நான். ஆனால் அந்தச் சைக்கிள் காலைப் பிடித்து வைத்திருக்கவில்லை. இது பிடித்தது. நிற்கும்போது குதிக்காலை வெளிப்பக்கம் திருப்பினால் சப்பாத்து கழன்று வரும் என்று கயித்தான் சொல்லியிருந்தான். விழுகிறவனுக்கு வெளிப்பக்கம் எது உள்பக்கம் எது என்று யோசிக்க நேரம் எங்கே? வெட்டிய மரம் மாதிரிச் சைக்கிளோடு பக்கவாட்டில் சாய்வேன். ஒன்பது வயது மகள் மரிசா படியில் இருந்து பிரெஞ்சில் எண்ணுவாள். பதினொன்று வரை எண்ணிவிட்டு அலுத்துப்போய் மேலே ரீவி பார்க்கப் போய்விட்டாள்.

மரிசாவை மொன்றியலின் மறுபக்கம் அஹுன்ட்சிக்கில் றெஜினாவின் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். திருநாளுக்கு இரண்டு நாள் முந்திப் போய் இறங்கினோம். சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பவர் சென்சு என்ற நடுத்தர வயது மனிதர், கம்பளித் தொப்பி போட்டிருந்தார். (அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். குளிர் இல்லாத ஊரில் யார் கம்பளித் தொப்பி போடுவார்கள்?) நானும் விஷயம் தெரிந்தவன்தான் என்று காட்டுவதற்காகக் கயித்தானின் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, இது எந்தத் தீவுக்கு எழுதியது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இந்தத் தீவுக்கு என்றேன்.

இந்தத் தீவில் பால்மா என்று ஓர் ஊர் இல்லை, பால்மா இருப்பது மயோர்க்காவில் என்றார். மயோர்க்கா அந்தப் பக்கம் என்று யன்னலுக்கு வெளியே கடலைக் காட்டினார். கப்பலில் போனாலும் நாள்கணக்கு ஆகும் என்றார்.

மயோர்க்காவைப் பிரெஞ்சில் 'மஜோர்க்' என்பார்கள். மஜோர்க், மால்த். அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, காதில் பஞ்சோடு இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கக்கூடிய மனிதன் யாராவது இருந்தால் வரட்டும், பார்க்கிறேன். என் பிழை ஒன்றும் இல்லை என்பதில் நான் அன்றும் தெளிவாக இருந்தேன், இன்றும் தெளிவாக இருக்கிறேன்.

சென்சு இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். இங்கே வாகனம் இடது பக்கம் ஓடும். பெப்ரவரியில் காற்று கடுமை, சைக்கிள்காரர்கள் மற்றத் தீவுக்குத்தான் போவார்கள்.

வெளியே வந்தேன். றெஜினா கடலோரச் சுவரில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பதினைந்து வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. சைக்கிள் சரியோ என்று கேட்டாள். எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு அட்டையை மேற்சட்டையின் பின்பையில் வைத்தேன். கயித்தானுடைய வாய் தவறாமல் இருந்திருந்தால் இவள் இங்கே வந்திருக்கவே மாட்டாள். அதை எப்படி இவளிடம் சொல்வது? தீவு என்றால் தீவுதானே, எல்லாத் தீவுக்கும் பத்து அறிவுரையில் குறைந்தது ஏழு பொருந்தாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

இடது பக்கம் ஓடுவதில் எனக்குப் பயம் இருக்கவில்லை, நாங்கள் பிறந்ததே இடது பக்கம் ஓடுகிற நாட்டில். ஆனால் மொன்றியலில் பதினைந்து வருடம் வலது பக்கம் கார் ஓடிய மூளை வேறு. முதல் சுற்றுவட்டத்திலேயே நேர் எதிரே ஒரு பஸ் வந்தது. பொறுமையான கார்க்காரர்கள் என்று கயித்தான் எழுதியவர்கள் மயோர்க்காவில் இருந்திருப்பார்கள். இங்கே எனக்குப் பின்னால் வந்தவர் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. ரோட்டில் குழி, குழிக்குள் தண்ணீர். சிவப்பு விளக்கில் நிறுத்தினேன். குதிக்காலைத் திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்பினேனோ, மெதுவாக, மிகுந்த மரியாதையோடு, இடது பக்கம் சாய்ந்து ரோட்டில் படுத்தேன். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் யன்னலில் றெஜினா இருந்தாள். கோயில் பார்க்க நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த அம்மா அந்த மனிதனுக்கு என்ன வருத்தம் என்று கேட்டாவாம். தெரியாது, எங்கடை ஆள் இல்லை என்று இவள் சொன்னாளாம். இதை அன்று பின்னேரம் அவளே எனக்குச் சொன்னாள், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

திருநாள் அன்று காலை வானம் சுத்தமாக இருந்தது. சின்னப்பரின் கப்பல் உடைந்ததாகச் சொல்லப்படும் குடா, தலைநகரிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். அங்கே போய், யூட்டுக்காக ஒரு போத்தல் கடல்தண்ணீர் கொண்டு வாருங்கோ என்று றெஜினா கேட்டாள். அவள் முந்திப் போய்க் கோயிலில் இடம் பிடித்து நிற்பாள். நாலு மணிக்குப் பக்க வாசலில் சந்திப்பது என்று ஏற்பாடு. நாலு மணி, பிந்தக்கூடாது என்று மூன்று தரம் சொன்னாள்.

போகும்போது சைக்கிள் பறந்தது. ஏற்றத்திலும் பறந்தது. நாற்பத்து மூன்று வயதில் என்ன கால்கள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டிருந்தது என்பது ஒரு நிமிடம்கூட மண்டையில் உறைக்கவில்லை. தீவுகளில் சைக்கிள் ஓடப் போகிறவர்களுக்கு நான் ஒரு அறிவுரை சொல்கிறேன், இது எல்லாத் தீவுக்கும் பொருந்தும்: போகும்போது எதிர்க்காற்றில் போங்கள், வரும்போது காற்றோடு வாருங்கள். இதை அந்த அட்டையில் எழுத இடம் இருந்தது. கேக் அருமை என்று எழுதிய இடத்தில் எழுதியிருக்கலாம்.

கேக்கும் இல்லை. குடாவில் இருந்த அத்தனை கடைகளும் குளிர்காலத்துக்கு இழுத்து மூடப்பட்டிருந்தன. ஒரு பூனை மட்டும் நின்றது, அதுவும் பசியோடுதான் நின்றது. சாப்பாடு காவாதே என்ற அறிவுரையை மதித்து ஒரு துண்டு பாண்கூட நான் கொண்டுவரவில்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு தண்ணீர்ப் போத்தல். கடல்தண்ணீருக்கு வேறு போத்தல் வேண்டும் என்பது கரையில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குடிக்கிற தண்ணீரை மணலில் ஊற்றினேன். குனிந்து, சின்னப்பரின் கடலை நிரப்பி, மூடியை இறுக்கினேன்.

திரும்பும்போது காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருந்தது. வியர்த்துக் கொட்டியது. காற்றுச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினேன். மேற்சட்டையின் பின்பைக்குள் கடல்தண்ணீர் தளம்புகிற சத்தம், எனக்கோ நாக்கு வறண்டு மேலன்னத்தில் ஒட்டிவிட்டது. ஒரு திருப்பத்தில் இடுப்பில் கட்டிய சட்டையின் கை பின்சில்லுக்குள் போனது. சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. கால் இரண்டும் பெடலில் பூட்டியபடி, சைக்கிளையும் இழுத்துக்கொண்டு ரோட்டோரக் கல்மதிலின் மேல் இருந்தேன். அந்த மதிலின் மேல் அடர்ந்து வளர்ந்திருந்தது நாகதாளிக் கள்ளி.

இதற்கு மேல் நுணுக்கமாக எழுத என் வயது இடம் கொடுக்கவில்லை. முள் எங்கே ஏறியது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எழும்பியபோது பின்னால் 'சர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. இடுப்பிலிருந்து கீழே வரைக்கும் காற்சட்டையின் நடுத்தையல் விட்டுப்போயிருந்தது. உள்ளே ஒன்றும் அணியக்கூடாது என்று சொன்ன மகராசன் அந்த நேரம் லாசால் கன்டீனில் கோப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பான். சட்டை சில்லுக்குள் நார்நாராகக் கிடந்தது. மறைக்க என்னிடம் மிஞ்சியது தலைக்கவசம் ஒன்றுதான்.

சந்தைக்குக் கோவாப்பூ (காலிஃபிளவர்) ஏற்றிக்கொண்டு வந்த ஒரு சின்ன லொறிக்காரர் நிறுத்தினார். முன்னால் வந்து இருக்கச் சொன்னார். நிற்கத்தான் விருப்பம் என்றேன். கோவாப்பூக்களுக்கு நடுவில், ஒரு கையால் சைக்கிளையும் மற்றக் கையால் தலைக்கவசத்தையும் பிடித்துக்கொண்டு தலைநகரம் வரைக்கும் நின்றே வந்தேன்.

நகர வாசலில் இறக்கிவிட்டார். சைக்கிளைக் கம்பி ஒன்றில் பூட்டிவிட்டு, தலைக்கவசத்தைப் பின்னால் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நண்டு மாதிரி நடந்தேன். ஊரே நல்ல கோட்டும் தொப்பியும் போட்டுத் தெருவில் நின்றது. பாண்டு வாத்தியம் முழங்கியது. மாடங்களில் சிவப்புப் பட்டு தொங்கியது. பக்க வாசலுக்கு வரும்போது நாலு இருபது. றெஜினா அங்கே இல்லை, சனம் அவளை முன்வாசலுக்குத் தள்ளிவிட்டிருந்தது. எட்டிப் பார்க்க உள்ளே ஒரு அடி வைத்தேன்.

கோயிலின் உடுப்பு அறை பார்க்கிற பருத்த மனிதர் ஒருவர் என்னைக் கண்டார். முன்னால் பார்த்தார், சுற்றிவந்து பின்னால் பார்த்தார். என் முழங்கையைப் பிடித்து அறைக்குள் கொண்டுபோய், ஆணியில் தொங்கிய வெள்ளை அங்கி ஒன்றை எடுத்து என் தலைவழியே போட்டுவிட்டார். அது கணுக்கால் வரைக்கும் வந்தது. என் வாழ்க்கையில் எந்த உடுப்பையும் அவ்வளவு நேசித்ததில்லை. இருக்கச் சொன்னார். முடியாது என்றேன்.

அவர் ஏதோ அலுவலாக வெளியே போக, என் அங்கியைப் போலவே வெள்ளை அங்கி போட்ட ஆட்கள் திபுதிபுவென்று உள்ளே வந்தார்கள். அவர்கள் திருநாளுக்கு உரிய சபைக்காரர். ஒருவர் எண்ணிப் பார்த்து, என் கையில் ஒரு கண்ணாடி விளக்கைத் தந்து வரிசையில் தள்ளினார். நான் ஆள் மாறி நிற்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வாத்தியச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுகணம் தெருவில் நின்றேன்.

சரி, விளக்கோடு போய்விட்டுத் திரும்பலாம் என்று பார்த்தால், மாடங்களிலிருந்து காகிதத் துண்டுகளை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். சுருவம் தூக்கிய ஒருவர் அந்தக் காகிதத்தில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார். சுருவத்தைக் கவைக்கோல்களில் தாங்கி நிறுத்தினார்கள். தலைவர் போன்ற ஒருவர் வரிசையில் நின்றவர்களின் தோள் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டே வந்தார். என்னில் நின்றார். விளக்கைப் பிடுங்கினார்கள். தோளில் ஒரு சிறு மெத்தை வைத்தார்கள். முன்னால் நிற்பவர் கால் வைக்கும்போது நீயும் வை என்று காதுக்குள் கத்தினார்கள். கவைக்கோலை எடுத்தார்கள்.

அந்தப் பாரத்தை என்னவென்று சொல்வது. தொழிற்சாலையில் அட்டைக் கட்டுத் தூக்கிய தோள்தான், ஆனாலும் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக மடிந்தது. பாரம் தோளில் இருந்தாலும் ஒவ்வொரு அடிக்கும் முள் கீழே தன் வேலையைச் செய்தது. ஒரு தெருவின் நீளம்தான். மொன்றியலில் என்றால் இரண்டு பஸ் தரிப்புக்கூட வராது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாக ஓடியது. துடைக்கக் கை இல்லை. அதைப் பார்த்துத் தெருவோரம் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா கிட்ட வந்து என் அங்கியின் கையை முத்தமிட்டா. இவ்வளவு பக்தியான வெளிநாட்டுக்காரனை அவர்கள் பார்த்ததில்லைப் போலும்.

அப்போதுதான் றெஜினாவைக் கண்டேன். முன்வாசல் படியில் நின்றாள். சுருவத்தைப் படம் எடுப்பதற்காகச் சின்னக் கமெராவை உயர்த்தியிருந்தாள். என்னை முதலில் தெரியவில்லை. பிறகு கமெராவைக் கீழே இறக்கினாள். பிறகு மறுபடி உயர்த்தி ஒரு படம் எடுத்தாள். பிறகு படியிலிருந்து இறங்கி, சனத்துக்குள் புகுந்து, சுருவத்துக்குப் பின்னால் நடந்து வரத் தொடங்கினாள்.

அன்று மாலை ஹொட்டேல் அறையில் நான் குப்புறக் கிடந்தேன். றெஜினா புருவம் பிடுங்குகிற சாவணத்தால் முள் எடுத்தாள். நான் கயித்தானையும் அவன் பரம்பரையையும் திட்டித் தீர்த்தேன். மயோர்க்காக் கதையையும் சொல்லிவிட்டேன். பின்பையிலிருந்த போத்தலை எடுத்து மேசையில் வைத்தவள், அது என் குடிதண்ணீர்ப் போத்தல் என்பதைக் கண்டாள்.

"குடிக்கிற தண்ணியை என்ன செய்தனீங்கள்?"

"ஊத்திப்போட்டன்."

அவள் போத்தலின் மூடியை இன்னும் ஒரு தரம் இறுக்கினாள்.

"நீங்கள் அழுதனீங்கள். நான் கண்டனான்."

"முள்ளப்பா. முள்ளுக் குத்தினது."

"தெரியும். ஆனால் அது முள்ளெண்டு ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ. என்ரை தம்பியிட்டைச் சொல்லவே வேண்டாம்."

அடுத்த நாள் காலை தொலைபேசி அட்டை ஒன்று வாங்கித் திருச்சியில் இருந்த யூட்டுக்கு எடுத்தாள். எல்லாம் சொல்லிவிட்டு என்னிடம் தந்தாள். அவன் "அத்தான்" என்றான். நீங்களே தோள் குடுத்துத் தூக்கினீங்களாம், பாரமோ என்று கேட்டான். நல்ல பாரம் என்றேன். அந்தப் பக்கம் அவன், வளர்ந்த மனிதன், விம்மி விம்மி அழுகிற சத்தம் கேட்டது. அவனிடம் நாகதாளியைப் பற்றி எப்படிச் சொல்வது? நீங்கள் என்றாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இப்படித்தான் என் வாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். மொன்றியலுக்கு வந்து கயித்தானிடம் நியாயம் கேட்டேன். மஜோர்க் என்று தெளிவாகச் சொன்னேனே என்று அவன் என்னிடம் கோபித்துக்கொண்டான். உனக்காக மினக்கெட்டு அட்டை எழுதினேனே என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவும் இல்லை. கடைசியில் சமாதானத்துக்கு நான்தான் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். இதைவிட அநியாயம் உலகத்தில் உண்டா?

றெஜினா எடுத்த படத்தைப் பெரிதாக்கி எங்கள் மொன்றியல் கோயிலின் பங்கு மண்டபத்தில் மாட்டினார்கள். சுருவத்துக்குக் கீழே, வெள்ளை அங்கியில், கண்ணீரோடு நான். எங்கள் பங்கின் திருநாள் வேலைகளைப் பார்க்கும் அந்தோனி அண்ணை அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்தத் தோளை இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சிருந்தீரே என்று என் முதுகில் தட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் சுற்றுப்பிரகாரத்தில் சுருவம் தூக்குகிற முன்பக்க வலது தடி எனக்கென்று எழுதி வைக்கப்பட்டது. இளந்தாரிகள் கையை வீசிக்கொண்டு பின்னால் வருவார்கள். என் வலது தோள் இடதைவிட இரண்டு விரல் பதிந்துபோய்விட்டது. கோட்டுத் தைக்கக் கொடுத்தால் தையற்காரர் இரண்டு தரம் அளக்கிறார்.

பல வருடங்களுக்குப் பிறகு மரிசாவுக்கு நிச்சயம் பண்ணினோம். மாப்பிள்ளை கியூபெக் பொடியன். அவனுடைய தாய் தகப்பன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். யூட்டும் திருச்சியிலிருந்து வந்திருந்தான். சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி மாப்பிள்ளையின் தாய் ஏதோ கேட்டா. நான் வாயைத் திறக்கவில்லை. பூட்டுப் போட்ட றெஜினாதான் திறந்தாள். சொல்லத் தொடங்கினாள், கோவாப்பூ லொறி வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் கவிழ்ந்துவிட்டாள். நான் பயந்துபோய் யூட்டைப் பார்த்தேன். அவன் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டாருக்கு விளங்கவில்லை. மரிசா எழும்பி முழுக் கதையையும் பிரெஞ்சில் ஒரே வசனத்தில் முடித்தாள். பிறகு எனக்காகத் தமிழிலும் சொன்னாள்:

"அப்பா காற்சட்டை கிழிஞ்சதாலை புனிதரானவர்."

இப்போது எங்கள் குடும்பத்தில் என் பெயரே அதுதான். யார் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் முதலில் என் தோளைப் பார்ப்பார்கள், பிறகு என் காற்சட்டையைப் பார்ப்பார்கள். பேரப்பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு முறையும் எழும்பி நின்று திருத்துகிறேன், ஒருவரும் காது கொடுப்பதில்லை. எனவே இங்கே எழுத்தில் வைக்கிறேன்: கிழியவில்லை. தையல்தான் விட்டது.